மயில் கழுத்துச் சுவர்

சுப்பம்மாள்: ...ஊருக்குள்ள பேசிக்கறாங்க சௌந்திரம், உன்ற ஊட்டுக் கோழிக் கூண்டுக்கும் சாயம் அடிச்சாச்சாமா?

சௌந்திரம்: வாசல்ல இருந்து பார்த்தா கூண்டு தெரியுதுங்கக்கா. தெரியற எடமெல்லாம் ஒண்ணாட்ட இருந்தாத்தானுங்க நல்லா இருக்கும்.

சுப்பம்மாள்: கோழி என்ன சொல்லுது?

சௌந்திரம்: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீங்க.

சுப்பம்மாள்: இல்ல சாமி, வெவரம் கேக்கறேன். அது வெள்ளைக் கோழியாச்சே. கூண்டோட நெறம் ஒத்துப் போகுதான்னு...

சௌந்திரம்: அதை வித்தாச்சுங்க.

சுப்பம்மாள்: அடப் பாவமே.

சௌந்திரம்: முட்டை வெக்கறதில்லைன்னு வித்தோம்க்கா. நெறத்துக்காக யாராவது கோழியை விப்பாங்களா?

சுப்பம்மாள்: மத்தவங்க விக்க மாட்டாங்க. செரி, உள்ள வா. ஏன் படியிலயே நிக்கற? நடுவுல ஒரு சொவருதான். நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து எத்தனை மாசமாச்சு.

சௌந்திரம்: வேலைங்கக்கா. கொத்தனாரு, ஆசாரி, தையக்காரன், சாயக்காரன்னு ஒருத்தன் மாத்தி ஒருத்தன்... ஏனுங்க, தறிச் சத்தத்தையே காணோம்?

சுப்பம்மாள்: ஏத்துன பாவு நூலு முடிஞ்சு போச்சு. என்ற ஊட்டுக்காரரு, அதான் உன்ற மச்சாண்டார், மகன் மணியனைப் பார்க்கச் சேலத்துக்குப் போயிருக்காரு.

சௌந்திரம்: மணியன் அம்மாபேட்டையில சொந்தமாத் தறி போட்டுட்டானாமே.

சுப்பம்மாள்: நாலு தறி. நல்லா ஓடுதாம்.

சௌந்திரம்: சொவத்துல இருந்த சாமி படமெல்லாம் எங்கீங்க?

சுப்பம்மாள்: தொடைக்கறதுக்கு எறக்கினேன். ஏன், அதுக்கும் சட்டம் மாத்தோணுமா? உன்ற ஊட்டுல எல்லாச் சாமிக்கும் ஒரே சட்டம் போட்டுட்டயாமே.

சௌந்திரம்: ஒண்ணு தகரச் சட்டம், ஒண்ணு மரச் சட்டம், ஒண்ணுக்குச் சட்டமே இல்லாம அட்டையில ஒட்டி... பார்க்கக் கண்றாவியா இருந்துச்சுங்க. இப்ப வரிசையா, ஒரே அளவுல, ஒரே பச்சைச் சட்டம்.

சுப்பம்மாள்: ஒரே அளவுலயா? அந்த முருகன் படம் பெருசாச்சே.

சௌந்திரம்: ஓரத்துல கொஞ்சம் வெட்டிட்டோம்.

சுப்பம்மாள்: வள்ளி பக்கமா, தெய்வானை பக்கமா?

சௌந்திரம்: ...மயிலு பக்கம்.

சுப்பம்மாள்: மாமனார் படத்துக்கும் அதே சட்டந்தானா?

சௌந்திரம்: அதேதானுங்க.

சுப்பம்மாள்: நல்ல வேளை மனுசன் போய்ச் சேர்ந்தாரு. இருந்திருந்தா உன்னையும் சட்டம் போட்டு மாட்டியிருப்பாரு. செரி, சுத்தி வளைக்காத. என்னமோ கேக்க வந்திருக்கற. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது.

சௌந்திரம்: கேக்கறதுக்கு இல்லீங்க. குடுக்கறதுக்குத்தான் வந்தேன்.

சுப்பம்மாள்: நீயா?

சௌந்திரம்: இந்த முன்வாசப் பக்கம் இருக்குதில்லீங்க... இதுக்கும் சேர்த்து நாங்களே சாயம் அடிச்சுக் குடுத்தர்றோம். நாலு தூணு, கதவு, சன்னல், முன் சொவரு. நீங்க ஒரு வேலையும் பார்க்க வேண்டாம். உக்கார்ந்து வேடிக்கை பார்த்தாப் போதும்.

சுப்பம்மாள்: எதுக்கு?

சௌந்திரம்: சும்மாதானுங்க.

சுப்பம்மாள்: அண்ணன் தம்பி ஊட்டைப் பங்கு பிரிச்சு ஒம்பது வருசமாச்சு. காத்துக்கு என்ற பக்கம் ஓடு பறந்தப்ப, உங்க பொறக்கடையில அடுக்கி வெச்சிருந்த ஓட்டுல நாலு எடுத்துக் குடுக்க மனசு வரல. இப்பச் சும்மா சாயம் அடிச்சுக் குடுக்கறீங்களா?

சௌந்திரம்: அந்த ஓட்டு விசயத்தை நீங்க இன்னும் விடலையாக்கா?

சுப்பம்மாள்: ஒழுகற எடத்துக்குக் கீழதான் நான் படுக்கறேன். எப்படி விடறது?

சௌந்திரம்: ...வெள்ளிக்கிழமை நம்ம புள்ள பூவாத்தாளைப் பொண்ணு பார்க்க வாராங்க.

சுப்பம்மாள்: அப்படி வழிக்கு வா.

சௌந்திரம்: குமாரபாளையத்துக்காரங்க. நூல் யாவாரம் கைலாசம் இருக்காருல்லீங்க, அவரு மகன். பெரிய எடம். இது கூடி வந்துட்டா எனக்கு மூச்சு வரும். பத்தொம்பது வயசு ஆயிப்போச்சு அவளுக்கு. ஏற்கனவே ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சு. உங்களுக்குத் தெரியாததா.

சுப்பம்மாள்: தெரியும். அருமையான புள்ள. அவளுக்கு நல்ல எடமா அமையோணும்னு எனக்கும்தான் இருக்குது. அதுக்கும் என்ற தூணுக்கும் என்ன சம்பந்தம்?

சௌந்திரம்: தெருவுல இருந்து பார்த்தா ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கூரைங்க. எட்டுத் தூணும் வரிசையா நிக்குது. நாலு தூணு புதுசா, நாலு தூணு சுண்ணாம்பு உதுந்து போய்... வர்றவங்க கண்ணுல அதுதானுங்க மொதல்ல படும்.

சுப்பம்மாள்: மாப்பிள்ளைப் பையன் தூணையா கட்டிக்கப் போறான்?

சௌந்திரம்: உங்களுக்கு எல்லாமே சிரிப்பு. சூரமங்கலத்துல ஒரு பங்களா பார்த்தேன்...

சுப்பம்மாள்: வந்துருச்சா சூரமங்கலம். எப்படா வரும்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்.

சௌந்திரம்: சொல்ல உடுங்களேன். உங்க கொழுந்தனாரு அந்த ரயில் ஆபீசுத் துரைசானிக்கு மேசை விரிப்புக் குடுக்கப் போனப்ப நானும் கூடப் போனேன். நாலு ரூமு. எந்த ரூமுக்குப் போனாலும் அதே துணிதான். சன்னல்ல தொங்கறது அது, நாற்காலி உறை அது, மெத்தை மேல அது, வெளக்குக்குக் குல்லாய் போட்டிருந்தாங்க, அதுவும் அதே துணி.

சுப்பம்மாள்: வெளக்குக்குக் குல்லாயா? ஏன், சளி புடிச்சிருந்துச்சா?

சௌந்திரம்: எந்த மூலையில நின்னாலும் ஒரே ஊட்டுக்குள்ளதான் இருக்கோம்னு தெரியுதுங்கக்கா. நம்ம ஊடுகளைப் பாருங்க. ஆளு உக்கார்ற ஆசாரம் ஒரு தினுசு, சமையக்கட்டு ஒரு தினுசு, பொறக்கடை ஒரு தினுசு. ஊருல இருக்கறதையெல்லாம் கொண்டாந்து கொட்டி வெச்சாப்பல.

சுப்பம்மாள்: ஊட்டுக்குள்ளதான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கறதுக்கு எனக்குத் துணி வேண்டாம். சமையக்கட்டுக்குப் போறப்ப கதவு நெலையில தலை இடிக்கும். அப்பத் தெரிஞ்சுக்குவேன்.

சௌந்திரம்: உங்ககிட்டப் போய்ச் சொன்னனே.

சுப்பம்மாள்: ஆட்டுக்கல்லுக்கு உறை தெச்சது நெசமா?

சௌந்திரம்: தூசு விழாம இருக்கறதுக்குங்க.

சுப்பம்மாள்: அதே துணியில?

சௌந்திரம்: ...அதே துணியில.

சுப்பம்மாள்: உன்ற ஊட்டுக்காரருக்குச் சட்டையும் அதுலதான்னு சொல்லிக்கறாங்க.

சௌந்திரம்: மிச்சமான துணிங்க. வீணாப் போகுதேன்னு ஒண்ணே ஒண்ணு தெச்சோம்.

சுப்பம்மாள்: சன்னலோரமா நின்னா எது ஆளு, எது திரைன்னு எப்படிக் கண்டுபிடிக்கற?

சௌந்திரம்: அவரு இருமுவாருங்க.

சுப்பம்மாள்: அது செரி. துணி என்ன நெறம்?

சௌந்திரம்: மயில் கழுத்து. நம்ம தறியில ஓட்டுனதுதான்.

சுப்பம்மாள்: நல்ல நெறம். பாவு நீலம், ஊடை பச்சை. சொவத்துக்கு என்ன அடிச்சிருக்கற?

சௌந்திரம்: சொவத்துக்கும் மயில் கழுத்துதானுங்க.

சுப்பம்மாள்: சுண்ணாம்புல?

சௌந்திரம்: ஆமாங்க.

சுப்பம்மாள்: ...நீ நெசவுக்காரன் பொண்ணுதானே?

சௌந்திரம்: இதென்ன இப்படிக் கேட்டுட்டீங்க.

சுப்பம்மாள்: நீல நூலு நெட்டுக்கு ஓடுது. பச்சை நூலு குறுக்க ஓடுது. இப்படிப் பார்த்தா நீலம், அப்படித் திருப்புனா பச்சை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முழுங்காமக் கெடக்கறதாலதான் அதுக்கு மயில் கழுத்துன்னு பேரு. சொவத்துல எதை நெட்டுக்கு ஓட்டுவ, எதைக் குறுக்க ஓட்டுவ? ஊட்டுக்கும் ஊடைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

சௌந்திரம்: சாயக்காரன் முடியும்னான்.

சுப்பம்மாள்: அவனுக்கென்ன, நீ கேட்டா அந்தி வானத்தையே அடிச்சுத் தர்றேம்பான். வந்துச்சா?

சௌந்திரம்: மொதத் தடவை நீலம் அடிச்சு, அது காயறதுக்குள்ள மேல பச்சை அடிச்சான். பாசி புடிச்ச கெணறாட்ட ஆயிருச்சு.

சுப்பம்மாள்: ரெண்டாந் தடவை?

சௌந்திரம்: நீங்க சொன்னாப்பலதான். நெட்டுக்கு நீலக் கோடு, குறுக்கப் பச்சைக் கோடு.

சுப்பம்மாள்: கைலியாட்ட இருந்திருக்குமே.

சௌந்திரம்: ...உங்க கொழுந்தனாரும் அதையேதான் சொன்னாரு.

சுப்பம்மாள்: இப்ப?

சௌந்திரம்: இப்ப ஒரு சொவரு நீலம், எதுத்த சொவரு பச்சை. நடுவுல நின்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தா மயில் கழுத்து வருதுன்னு சாயக்காரன் சொல்றான்.

சுப்பம்மாள்: வருதா?

சௌந்திரம்: எனக்கு வருது.

சுப்பம்மாள்: ஊட்டுக்காரருக்கு?

சௌந்திரம்: அவருக்குத் தலை சுத்துது.

சுப்பம்மாள்: அப்ப வெள்ளிக்கிழமை வர்ற ஒறம்பரை மொத்தத்தையும் நடு ஆசாரத்துல நிக்க வெச்சு, கண்ணைச் சுருக்கிக்கங்கன்னு சொல்லுவியா?

சௌந்திரம்: காப்பி குடுத்து உக்கார வெச்சுட்டு மெதுவா...

சுப்பம்மாள்: மேட்டூர்ல அணையையே கட்டி முடிச்சுருவாங்க. உன்ற சொவரு முடியாது.

தீர்த்தகிரி: அம்மா... சௌந்திரம்மா இங்க இருக்கறீங்களா? வாளியில சாயம் கரைச்சு வெச்சுட்டேன். இந்தப் பக்கம் எந்தத் தூணுல இருந்து ஆரம்பிக்கட்டுங்க?

சுப்பம்மாள்: யாரு சாமி நீ?

தீர்த்தகிரி: சாயம் அடிக்கறவனுங்க. பேரு தீர்த்தகிரி. சூரமங்கலத்துல பங்களாவுக்கெல்லாம் நான்தான் அடிச்சேன்.

சுப்பம்மாள்: ஓ, மயிலோட கழுத்தைத் திருகுன ஆளு நீதானா. வா, உள்ள வா.

சௌந்திரம்: நீ போ தீர்த்தகிரி. நான் அப்பறமா வந்து சொல்றேன்.

தீர்த்தகிரி: அப்பறம்னா எப்படிங்கம்மா? இன்னிக்கே புதங்கிழமை. காயறதுக்கு ஒண்ணரை நாளாவது வேணும். ஏனுங்க, இங்க குடியிருக்கறவங்க நீங்கதானுங்களா?

சுப்பம்மாள்: குடியிருக்கறவங்களா?

தீர்த்தகிரி: வாடகைக்கு இருக்கறவங்கன்னு அம்மா சொன்னாங்க.

சௌந்திரம்: நான் எப்பச் சொன்னேன்...

தீர்த்தகிரி: நேத்துச் சொன்னீங்களேம்மா. இந்தப் பக்கமும் நம்முளுதுதான், ஆளு குடி வெச்சிருக்கோம், வெள்ளிக்கிழமை அவங்களை எங்கயாச்சும் கோயிலுக்கு அனுப்பிச்சு உட்டுருவோம், நீ பாட்டுக்கு அடின்னு.

சுப்பம்மாள்: எந்தக் கோயிலுக்குன்னு சொன்னாங்களா சாமி?

தீர்த்தகிரி: கொல்லிமலைக்கு அனுப்பிச்சா அன்னிக்கே திரும்ப முடியாதுன்னு பேசிக்கிட்டாங்க.

சௌந்திரம்: தீர்த்தகிரி...

சுப்பம்மாள்: நீ இரு சௌந்திரம். புள்ள நல்லாச் சொல்றான். இன்னும் என்ன சொன்னாங்க?

தீர்த்தகிரி: நடுச்சொவரோட முனை தெருப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்குதில்லீங்க. அதைப் பார்த்தா ரெண்டு ஊடுன்னு தெரிஞ்சுரும். அதனால அதுக்கு மேல ஒரு திரை கட்டிரலாம்னாங்க.

சுப்பம்மாள்: எந்தத் துணியில?

தீர்த்தகிரி: அதே துணிதானுங்க.

சௌந்திரம்: நீ மொதல்ல போய்யா. போய் அந்தக் கோழிக் கூண்டைப் பாரு.

தீர்த்தகிரி: அதுக்கு ரெண்டாம் பூச்சும் முடிஞ்சுதுங்களே.

சௌந்திரம்: மூணாம் பூச்சு அடி.

தீர்த்தகிரி: ...செரிங்க. நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்களே?

சுப்பம்மாள்: இந்தத் தெருவுலயே நீ ஒருத்தன்தான் சரியாச் சொன்னவன். போய்ட்டு வா சாமி.

சௌந்திரம்: அக்கா...

சுப்பம்மாள்: வாடகைக்கு.

சௌந்திரம்: அவன் ஏதோ பாதியைக் காதுல வாங்கிட்டு...

சுப்பம்மாள்: பதினாலு வயசுல தாலி கட்டி இந்த வாசலுக்குள்ள வந்தேன். நீ புதுப் பொண்ணா வந்து எறங்குனப்ப உனக்கு ஆரத்தி சுத்துனது இந்த வாடகைக்காரிதான். பூவாத்தா பொறந்தப்ப உனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதும் இந்த வாடகைக்காரிதான். கொல்லிமலைக்கு அனுப்பறீங்களா என்னைய? ஏன், அங்கயே இருந்துட்டு வரச் சொல்றதுதானே.

சௌந்திரம்: நானாச் சொல்லலீங்க. சத்தியமா. தரகன் சொல்லிட்டான். ராசிபுரத்துலயே எட்டுத் தூணு ஊடு, மொத்தமும் உங்க கொழுந்தனாரு பாலசுந்தரத்துதுன்னு அவங்ககிட்டச் சொல்லி வெச்சுட்டான். கைலாசம் உடனே, அப்படியா, அப்ப வந்து பார்க்கறோம்னாராம். அப்பறம் இல்லைன்னு எப்படிங்க சொல்றது?

சுப்பம்மாள்: வாயிலதான்.

சௌந்திரம்: சொன்னா எடம் தட்டிப் போயிருமுங்க. மூணாவது எடமும் தட்டிப் போச்சுன்னா அப்பறம் எவன் வந்து கேப்பான்? ரெண்டாந்தாரத்துக்குத்தான் கேப்பாங்க. அவ ஒழுங்காச் சோறு திங்கறதில்லைங்க. எனக்காகச் சொவத்தை ஏம்மா இந்தப் பாடு படுத்தறன்னு கேக்கறா.

சுப்பம்மாள்: அந்த ஊட்டுல புத்தியோட பொறந்தது அது ஒண்ணுதான்.

சௌந்திரம்: எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா. நான் செய்யறது கோமாளித்தனமா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? மொத எடத்துக்காரங்க வந்துட்டுப் போறப்ப, ஆளுக்கொரு பாயி, ஆளுக்கொரு டம்ளரு, வசதியான ஊடாட்டத் தெரியலையேன்னு தெருவுல நின்னு பேசுனாங்க. என்ற காதுபடப் பேசுனாங்க. அன்னிக்குப் புடிச்ச கிறுக்குத்தான் இது.

சுப்பம்மாள்: இதை இத்தனை நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?

சௌந்திரம்: சொன்னாச் சிரிப்பீங்க.

சுப்பம்மாள்: ஆமா, சிரிப்பேன். சிரிச்சுட்டு, என்ற பொட்டியில இருக்கற எட்டுப் பித்தாளை டம்ளரையும் எடுத்துக் குடுத்திருப்பேன். எட்டும் ஒரே அச்சு.

சௌந்திரம்: ஒரு நாளைக்குங்கக்கா. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாளைக்கு. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்...

சுப்பம்மாள்: எந்திரி, எந்திரி. காலையிலதான் சாணி போட்டு மொழுகியிருக்குது, ஈரம். சேலை வேற மயில் கழுத்து.

சௌந்திரம்: சனிக்கிழமை நானே நின்னு பழையபடி சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தர்றேன். உங்க கொழுந்தனாரை விட்டு மச்சாண்டார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்றேன்.

சுப்பம்மாள்: இப்பக் கேப்பாரா உன்ற ஊட்டுக்காரரு? இவரு பேச வந்தப்பக் கேட்டாரா?

சௌந்திரம்: மச்சாண்டார் எப்ப வந்தாரு?

சுப்பம்மாள்: போன மாசம், மூணு தரம். மொதத் தரம் ஆசாரத்துல ஈரம் காயலைன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிச்சீங்க. ரெண்டாந் தரம் தையக்காரன் அளவெடுத்துட்டு இருக்கான், அப்பறம் வாங்கன்னீங்க. மூணாந் தரம் உள்ளயே வந்துட்டாரு. உக்காரலாம்னு நாற்காலிகிட்டப் போனாரு. ஞாபகம் இருக்குதா?

சௌந்திரம்: அவருகிட்ட நான் ஒண்ணும் பேசலீங்க. வேட்டியெல்லாம் கஞ்சி, உறை புதுசுன்னு பூவாத்தாகிட்டச் சொன்னேன். அது அவரு காதுல விழுந்திருச்சு.

சுப்பம்மாள்: விழட்டும்னுதானே சொன்னே.

சௌந்திரம்: ...ஆமாங்க.

சுப்பம்மாள்: பாவுக்குப் போட்ட கஞ்சிதான் அது. அந்தக் கஞ்சியிலதான் உன்ற ஊட்டுக்காரரைப் படிக்க வெச்சாரு. அப்பன் கட்டுன ஊட்டுல, சொந்தத் தம்பிக்கு முன்னால நின்னுட்டே இருந்துட்டு நின்னபடியே திரும்பி வந்துட்டாரு. வந்து ஒரு வார்த்தை பேசல. தறிக்குழியில போய் எறங்கி உக்கார்ந்தவரு, தறியை ஓட்டற கட்டையைக் கையில தொடவே இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது சௌந்திரம். உன்னையப் பார்க்கறப்பெல்லாம் இன்னும் எரியுது.

சௌந்திரம்: தப்புத்தானுங்கக்கா. அன்னிக்கே தெரியும் தப்புன்னு. ...என்ன சொல்றதுக்கு வந்தாரு?

சுப்பம்மாள்: நீங்க கேக்கல. அவரு சொல்லல.

சௌந்திரம்: இப்பச் சொல்லுங்க.

சுப்பம்மாள்: இப்ப என்னத்துக்கு. வெள்ளிக்கிழமை பூவாத்தாளுக்கு என்ன சேலை கட்டப் போறீங்க?

சௌந்திரம்: ...மயில் கழுத்துதான் எடுத்து வெச்சிருக்குது.

சுப்பம்மாள்: நெனச்சேன். நீலச் சொவத்துக்கும் பச்சைச் சொவத்துக்கும் நடுவுல அந்தச் சேலையோட நின்னா, பொண்ணு எங்கன்னு அவங்க தேடோணும். அரக்குச் சேலை ஒண்ணு எங்கிட்ட இருக்குது. மணியன் தறியில நெய்ஞ்சு குடுத்தது, நான் ஒரு தரம்கூடக் கட்டல. அதைக் கட்டி உடு. செவத்த புள்ளைக்கு எடுப்பா இருக்கும்.

சௌந்திரம்: அக்கா...

சுப்பம்மாள்: அழுவாத. மூட்டைக்குள்ள அடியில கெடக்குது, அவுத்துத்தான் எடுக்கோணும்.

சௌந்திரம்: எதுக்குங்க மூட்டையாக் கட்டி வெச்சிருக்கறீங்க?

சுப்பம்மாள்: பூச்சி கீச்சி வருமில்ல. நீ கண்ணைத் தொடைச்சுக்க.

சௌந்திரம்: உங்களைப் போயி வாடகைக்காரின்னு சொன்னனே. என்ற நாக்குல சூடு வெக்கோணும். வெள்ளிக்கிழமை மச்சாண்டார்தான் நடு நாற்காலியில உக்காரோணும், கஞ்சி வேட்டியோடயே உக்காரட்டும். நீங்களும் எங்கயும் போக வேண்டாம். வர்றவங்களை நீங்களே முன்னால நின்னு வாங்கன்னு கூப்புடுங்க. ...அப்பச் செரின்னுட்டீங்களா? தூணுக்கு?

சுப்பம்மாள்: தூணுக்கு நான் எப்பச் செரின்னேன்?

சௌந்திரம்: சேலையே எடுத்துக் குடுக்கறீங்க, தூணுக்கு மாட்டேன்னா சொல்லப் போறீங்க. தீர்த்தகிரியைக் கூப்புடறேன். நீலமா, பச்சையான்னு நீங்களே சொல்லிருங்க. உங்க பக்கம், உங்க இஷ்டம்.

சுப்பம்மாள்: என்ற இஷ்டம் முடிஞ்சு பத்து நாளாச்சு சாமி. நாங்க மணியனோடயே போயிரலாம்னு இந்தப் பக்கத்தை வித்துட்டோம். நீ வாங்கிக்கறியான்னு தம்பியை மொதல்ல ஒரு வார்த்தை கேட்டுரலாம்னுதான் அந்த மனுசன் மூணு தரம் அங்க வந்து நின்னாரு. இங்க ஒரு நூல் கடை போட எடம் தேடிட்டு இருந்தவங்களுக்குக் குடுத்தாச்சு. நீங்க திரைக் கம்பி வாங்கச் சேலத்துக்குப் போன அன்னிக்கு வந்து, நடுச்சொவத்துல இருந்து கயிறு புடிச்சு அளந்துட்டுப் போனாங்க. எட்டுத் தூணுல உனக்கு எத்தனைன்னு உன்னையவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். தரகன் சொன்னதைச் சொல்லிச் சொல்லி, இங்க உக்கார்ந்துதான் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு, பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. தங்கம்னு சொன்னேன். அதனாலதான் வாராங்க, உன்ற தூணுக்காக இல்ல. வெள்ளிக்கிழமை காலையில ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்து, மத்தியானம் உன்ற ஊட்டுல பொண்ணு பார்க்கறது. இந்த நாலு தூணுக்கு நீலமா பச்சையான்னு, வந்ததும் உன்ற சம்பந்தி கைலாசத்தையே கேட்டுக்க.